இரண்டு உருண்டைகளின் பேரப்பிள்ளைகள்

பிப்ரவரி 2

மதிப்பிற்குரிய ஐயா,

இணையதளத்தில் நான் உங்களுக்கு அரைப் பக்கம் எழுதினேன். நீங்கள் அனுப்பிய பதில் இதுதான்: "கடிதம் போடவும். விலாசம் கீழே." உங்களுக்குக் கோபமா, அவசரமா, இல்லை ஆளே அப்படித்தானா என்று தெரியவில்லை. எதற்கும் மரியாதையாகவே தொடங்கி வைக்கிறேன்.

நான் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். "மூச்ச நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க, இப்ப விடுங்க" என்பதுதான் நாள் முழுக்க என் பேச்சு. வயது முப்பத்தொன்று. நான் ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது அப்பா போய்விட்டார். அம்மா போன வருடம். அம்மாவுக்கும் கூடப் பிறந்தவர்கள் கிடையாது. ஆக, வீட்டில் இப்போது நானும் ஃபிரிட்ஜும்தான். அதுவாவது அவ்வப்போது முனகும்.

எச்சிலைத் துப்பி அனுப்பினால் சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்துத் தருவார்கள் என்று கூட வேலை செய்கிறவள் சொன்னாள். துப்பினேன். வந்த பட்டியலில் முதல் ஆள் நீங்கள். 'தந்தை வழி, தூரத்து உறவு' என்று போட்டிருந்தது. ஐயா, தந்தை வழியில் ஓர் உயிரைக்கூட நான் பார்த்ததில்லை. அந்த வரியைப் படித்த கையோடு உள்ளே போய், ஒருவரை மூச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, விடச் சொல்ல மறந்துவிட்டேன். நல்ல மனிதர், அவராகவே விட்டுக்கொண்டார்.

எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். பரம்பரையில் யாரோ ஒருவர் ரயில் இஞ்சின் ஓட்டினாராம். அப்பா வீட்டில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்களாம், எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர். நான் பிறந்தபோது போட்ட கூச்சலுக்கு அப்பா எனக்கு வைத்தது 'சைரன்'. இன்றைக்கும் அதுதான்.

கேட்பது ஒன்றே ஒன்று. நாம் என்ன முறை? உங்களை நான் எப்படிக் கூப்பிட வேண்டும்?

இப்படிக்கு,
சைரன்

*

பிப்ரவரி 13

எக்ஸ்ரே அம்மணிக்கு,

கோபமும் இல்லை, அவசரமும் இல்லை. நான் ஒற்றை விரலால் தட்டுகிற ஆள். போனும் எனக்கு ஆகாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து லிப்ட் மோட்டாருக்குப் பக்கத்தில் நின்று நின்று காது போய்விட்டது. காதுக்குள் ஒரு மெஷின் வைத்திருக்கிறேன். அதில் மூன்றாவது வீட்டில் கரண்டி விழுவது கேட்கும், எதிரில் இருப்பவர் பேசுவது கேட்காது. கடிதம் என்றால் அந்தத் தொல்லை இல்லை.

ஓய்வு பெறுகிறவர்களுக்கு எல்லாக் கம்பெனியிலும் கடிகாரம் கொடுப்பார்கள். என்னுடைய ஆட்கள் எச்சில் துப்புகிற குழாய் வாங்கிக் கொடுத்தார்கள். "இத்தன வருஷம் எங்க மேல துப்புனீங்க, இனிமே இதுல துப்புங்க" என்றான் ஒருவன். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

இஞ்சின் ஓட்டியவர் என் பரம்பரையிலும் உண்டு. பட்டப்பெயர் விவகாரம் படித்ததும் எனக்குச் சந்தேகம் போய்விட்டது. நம் ஆட்கள்தான். நான் எட்டாம் மாதமே பிறந்துவிட்டேனாம், அதனால் வீட்டில் என் பெயர் 'முக்கால்'. அறுபத்து நான்கு வயதாகியும் இன்னும் முழுசாகவில்லை.

முறை கேட்டிருக்கிறாய். வயதைப் பார்த்தால் நீ எனக்கு மகள் மாதிரி. மற்றபடி என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சம்சாரம் தவறிவிட்டாள். பிள்ளைகள் இல்லை. ஓர் அண்ணன் இருந்தான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து திட்டிவிட்டுப் போவான். போன மழைக்காலத்தில் அவனும் போய்விட்டான். இப்போது என்னை அதட்டுவதற்கு உலகத்தில் ஆளே இல்லை. இப்படி ஒரு சுதந்திரம் யாருக்கு வேண்டும் சொல்.

முக்கால்

*

பிப்ரவரி 24

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

எழுதிவிட்டேன். எழுதுவதற்கு முன்னால் வாய்விட்டு ஒரு தடவை சொல்லியும் பார்த்தேன். பக்கத்தில் நின்ற நர்ஸ், "யாரைக் கூப்பிடுற?" என்றாள். "எங்க பெரியப்பாவை" என்றேன். அந்த 'எங்க' இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு தடவையும் சொன்னேன். அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்குப் பெரியப்பாக்கள் நாலு பேர் இருக்கிறார்கள், அருமை தெரியாது.

பெரியப்பா என்று இருந்தால் மூன்று கேள்வி கேட்க வேண்டும். "சாப்பிட்டியா?", "ஏன் இப்படி எளைச்சுப் போயிட்ட?", "யாரு அந்தப் பையன்?" என் தோழிகள் எல்லோரும் இந்தக் கேள்விகளைத் திட்டித் தீர்ப்பார்கள். நான் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். தயவுசெய்து அடுத்த கடிதத்தில் மூன்றையும் கேட்கவும். முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறேன்: சாப்பிட்டேன், இளைக்கவில்லை, அப்படி ஒரு பையனும் இல்லை.

இதோடு ஒரு படத்தின் நகல் வைத்திருக்கிறேன். ஸ்டுடியோவில் எடுத்தது. முக்காலியில் இரண்டு இளைஞர்கள், இரண்டு பேரும் நல்ல குண்டு. வலது பக்கம் இருப்பவர் அப்பாவின் அப்பா, 'சின்ன உருண்டை'. இடது பக்கம் அவர் கூடப் பிறந்த 'பெரிய உருண்டை'. இரட்டைப் பிள்ளைகளாம். இரண்டு பேருக்கும் முகஜாடை கொஞ்சமும் ஒட்டவில்லை. ஒரே மாவு, வேறு வேறு அச்சு என்று அப்பா சொல்வாராம். இவர்களை உங்களுக்குத் தெரிகிறதா?

மகள்,
சைரன்

*

மார்ச் 7

தங்கச்சிக்கு,

ஆமாம், தங்கச்சிதான். கோபித்துக்கொள்ளாதே. முதலில் உன் கேள்விகளைக் கேட்டுவிடுகிறேன், பாக்கி வைக்கக் கூடாது. சாப்பிட்டாயா? ஏன் இப்படி இளைத்துப் போய்விட்டாய்? யார் அந்தப் பையன்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் உறையைப் பிரித்துப் படத்தை எடுத்தேன். பிறகு தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தேன். அதே படம்! அதே முக்காலி, அதே இரண்டு குண்டர்கள். என் வீட்டில் சட்டம் போட்டு, நான் பிறந்ததிலிருந்து அங்கேதான் தொங்குகிறது. இடது பக்கம் இருக்கிற பெரிய உருண்டை என் அப்பாவின் அப்பா. நான் நாற்காலியை விட்டு எழுந்து கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று எனக்கே கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து, நான் விழுந்துவிட்டேனோ என்று பார்த்தார். அவருக்கும் படத்தைக் காட்டினேன். "ரெண்டு பேருமே உங்கள மாதிரிதான் இருக்காங்க, குறுக்குல" என்றார்.

முறையை எனக்குத் தெரிந்த லிப்ட் கணக்கில் சொல்கிறேன். மேல் மாடியில் இஞ்சின் டிரைவரும் அவர் சம்சாரமும். அதற்குக் கீழ் மாடியில் அவர்கள் மகன், ஸ்டேஷனில் கொடி காட்டியவர், பட்டப்பெயரும் 'கொடி'தான். கொடிக்குப் பிறந்த இரட்டையர்கள் நம் உருண்டைகள். உருண்டைகளுக்குக் கீழே உன் அப்பாவும் என் அப்பாவும். அதற்கும் கீழே நீயும் நானும். ஒரே மாடி. உன் வீட்டில் தலைமுறைக்குத் தலைமுறை தாமதமாகக் கல்யாணம் செய்திருக்கிறார்கள், அதுதான் வயதில் இவ்வளவு இடைவெளி. பெரியப்பா பதவியிலிருந்து நான் இறங்கிவிட்டேன். இனிமேல் அண்ணன்.

மாடி ஏறி உன் படத்தை மேல் வீட்டில் எல்லோருக்கும் காட்ட ஆசை. முட்டி விடமாட்டேன் என்கிறது.

அண்ணன்,
முக்கால்

*

மார்ச் 16

அண்ணனுக்கு,

பெரியப்பா எனக்குப் பதினொரு நாள்தான் கிடைத்தார். அதில் பாதி தபாலிலேயே போய்விட்டது. இருந்தாலும் அண்ணன் என்றால் மோசமில்லை. அண்ணனிடம் சண்டை போடலாம், பொருளைப் பிடுங்கிக்கொள்ளலாம், மாட்டிவிடலாம். எனக்கு இதிலெல்லாம் பழக்கம் இல்லை, இருந்தாலும் சீக்கிரம் கற்றுக்கொள்வேன். எப்படியும் நான்தான் சின்னவள், நீங்கள்தான் பெரியவர். அந்த மட்டும் சந்தோஷம்.

முட்டி விடமாட்டேன் என்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டு நழுவிவிட்டீர்கள். நான் யாரென்று மறந்துவிட்டதா? நாள் முழுக்க முட்டியைப் பார்க்கிறவளிடம் இப்படி மேலோட்டமாகச் சொல்லலாமா? எக்ஸ்ரே எடுத்தீர்களா? டாக்டர் என்ன சொன்னார்? படம் இருந்தால் எனக்கு அனுப்புங்கள். கல்யாணப் படம் பார்க்கிற ஆசையோடு காத்திருப்பேன்.

தங்கச்சி,
சைரன்

*

மார்ச் 29

அத்தை அவர்களுக்கு மருமகன் முக்காலின் பணிவான வணக்கங்கள்.

நீங்கள் இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்கிறீர்களா? உட்கார்ந்துகொள்ளுங்கள்.

நேற்று அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. என் தாத்தா பெரிய உருண்டை சுருட்டுப் பிடிப்பார். யாருக்கும் பயப்பட மாட்டார். தன் அப்பா கொடிக்கு முன்னாலேயே புகை விட்டவர் என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் கூடத்தில் இந்தப் படத்தைத் தாண்டிப் போகும்போது மட்டும் சுருட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு போவார். தாண்டியதும் மறுபடியும் புகை. சின்ன வயதில் நாங்கள் அண்ணன் தம்பி இரண்டு பேரும் அதை நடித்துக் காட்டிச் சிரிப்போம்.

இப்போது சொல்லுங்கள், கூடப் பிறந்த இரட்டையின் படத்துக்கு முன்னால் யாராவது சுருட்டை மறைப்பார்களா? அதுவும் தனக்குச் சின்னவனுக்கு? அது தம்பிக்குக் கொடுக்கிற மரியாதை இல்லை. அப்பாவுக்குச் சமமான ஒருவருக்குக் கொடுக்கிற மரியாதை. சின்ன உருண்டை என் தாத்தாவுக்குத் தம்பியே இல்லை, சித்தப்பா! கொடிக்கு மகன் இல்லை, தம்பி. இஞ்சின் டிரைவரின் கடைக்குட்டி. உங்கள் தாத்தா ஒரு மாடி மேலே ஏறிவிட்டார். அவரோடு உங்கள் அப்பாவும் நீங்களும் ஏறிவிட்டீர்கள். என் அப்பாவுக்கு நீங்கள் தங்கை. எனக்கு அத்தை!

மூன்று கடிதத்தில் பெரியப்பாவிலிருந்து மருமகன் வரை இறங்கிவிட்டேன். இவ்வளவு நன்றாக ஓடிய லிப்டை என் சர்வீஸில் பார்த்ததில்லை. எனக்கு ஓர் அத்தை! இன்று கடைத்தெருவில் விசிலடித்துக்கொண்டே நொண்டினேன்.

கேட்ட படத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

தங்கள் மருமகன்

*

ஏப்ரல் 6

எக்ஸ்ரேயைப் பார்த்தேன். வலது முட்டியில் இடைவெளி என்று ஒன்று இல்லவே இல்லை, எலும்பு எலும்போடு உரசுகிறது. இதை வைத்துக்கொண்டு நொண்டியபடியே விசிலடித்தீர்கள் என்றால் அது அழுகை வராமல் இருப்பதற்காகத்தான் இருக்கும். மாற்று முட்டி வைக்க வேண்டும். உங்கள் டாக்டரும் இதைத்தான் சொல்லியிருப்பார். நீங்கள் என்னிடம் சொல்லவில்லை.

மற்றது. ஒரு சுருட்டை வைத்து ஒரு குடும்பத்தையே மாடி மாற்றுவதை நான் கேள்விப்பட்டதில்லை. உங்களுக்கு இறங்க வேண்டும், அதற்கேற்ற கணக்கைப் போட்டுக்கொண்டீர்கள். நான் எதற்காக எச்சிலைத் துப்பினேன் தெரியுமா? எனக்கு மேலே யாராவது இருக்க மாட்டார்களா என்றுதான். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து எல்லாவற்றுக்கும் நானே பெரியவளாக இருந்து இருந்து அலுத்துவிட்டது. வாடகை கேட்டு வீட்டுக்காரர் வந்தாலும் நான், குழாய் உடைந்தாலும் நான். ஒரு தடவையாவது யாராவது "நீ சும்மா இரு, நான் பாத்துக்கறேன்" என்று சொல்ல மாட்டார்களா என்று தேடினேன். கிடைத்தவர் அறுபத்து நான்கு வயதில் எனக்கு மருமகனாம்.

'நீங்கள்', 'தங்கள்' எல்லாம் வேண்டாம். எரிச்சலாக இருக்கிறது.

சைரன்

*

ஏப்ரல் 14

சைரனுக்கு,

நீ சொல்வது சரி. கணக்குத் தவறு என்று சொல்லவில்லை, அதைப் போட்டபோது எனக்கு வந்த குஷி தவறு. உன் பக்கத்தை நான் யோசிக்கவே இல்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு இறங்கிவிட்டது, பொய் சொல்ல மாட்டேன்.

என் பக்கத்தையும் ஒரு தடவை கேட்டுவிடு. நான் எங்கள் வீட்டில் கடைசிப் பிள்ளை. எல்லோரும் என்னை ஏவினார்கள், எல்லோரும் என் காதைத் திருகினார்கள். அப்போதெல்லாம் எப்படா பெரியவனாவோம் என்றிருந்தது. இப்போது ஒவ்வொருவராகப் போய், அண்ணனும் போய், அவன் வீட்டுக் கூடத்தில் அன்றைக்கு எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "நீங்கதான் இனி பெரியவர்" என்று ஒருவர் சொன்னார். எனக்கு ஓட வேண்டும் போலிருந்தது. பெரியவனாக இருக்க எனக்குத் தெரியாது அம்மா. அதனால்தான் அந்தச் சுருட்டு நினைவு வந்ததும் துள்ளிக் குதித்துவிட்டேன்.

நீ என் அத்தையாக இருக்க வேண்டாம். அண்ணனாகவே இருந்துவிடுகிறேன். பெரியப்பாவேதான் வேண்டும் என்றாலும் ஏறிக்கொள்கிறேன், எப்படி என்று போகப் போகக் கற்றுக்கொள்வேன். கடிதம் மட்டும் நிறுத்தாதே.

முட்டி விஷயம். டாக்டர் சொன்னார்தான். உள்ளே படுத்திருப்பது பெரிய விஷயம் இல்லை. வெளியே நாற்காலியில் ஒருவர் இருக்க வேண்டுமே, அதற்கு யாரைக் கூப்பிடுவேன்? பக்கத்து வீட்டுக்காரருக்கு ரத்தம் என்ற வார்த்தையைக் கேட்டாலே தலை சுற்றும். இப்படியே ஓட்டிவிடுகிறேன்.

முக்கால்

*

மே 5

மருமகனுக்கு,

என்ன, சரியாகத்தான் படித்தீர்கள். மருமகனேதான்.

உங்கள் கணக்கைப் பொய்யாக்குவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு இறங்கினேன். பட்டியலில் மூன்றாவதாக ஒரு பல் டாக்டர் அம்மா இருந்தார், வேறொரு நாட்டில். கொடியின் இன்னொரு மகனுடைய மகள் வயிற்றுப் பேத்தி. போன் போட்டேன். "ரெண்டு உருண்டைகளும் இரட்டைப் பிள்ளைங்கதானே?" என்று கேட்டேன். பதிலுக்கு அந்த அம்மா சிரிக்கிறார். மூச்சு வாங்கச் சிரிக்கிறார். தொழில் பழக்கத்தில் "மூச்ச விடுங்கம்மா" என்று சொல்லிவிட்டேன்.

"இரட்டையா? அப்படித்தான் ஊருக்குச் சொன்னாங்க. ஒண்ண மருமக பெத்தா, ஒரு வாரம் கழிச்சு இன்னொண்ண மாமியார் பெத்தா!"

கதை இதுதான். கொடிக்குக் கல்யாணமாகி அவர் மனைவி முழுகாமல் இருந்தபோது, இஞ்சின் டிரைவரின் மனைவிக்கும் நாள் தள்ளிப்போயிருக்கிறது. பேரன் பிறக்கப்போகிற வயதில்! அந்த அம்மாள் வெட்கத்தில் வாசல் பக்கமே தலைகாட்டவில்லையாம். இஞ்சின் டிரைவர் அதற்கு மேல். வீட்டுக்கு வந்தால் யாராவது வாழ்த்திவிடுவார்களோ என்று மாதக்கணக்கில் டியூட்டிக்கு மேல் டியூட்டி போட்டுக்கொண்டு இஞ்சினிலேயே குடியிருந்தாராம். முதலில் மருமகளுக்குப் பிள்ளை பிறந்தது. அது பெரிய உருண்டை. அடுத்த வாரம் மாமியாருக்கு, அது சின்ன உருண்டை. மாமியாருக்குப் பால் ஊறவில்லை. மருமகள்தான், "இங்க குடுங்க அத்தை, ஒண்ணோட ஒண்ணா கிடக்கட்டும்" என்று இரண்டையும் மடியில் போட்டுக்கொண்டாளாம். தெருவில் கேட்டவர்களுக்கு, "ஆமா, ரெட்டை" என்று சொல்லிவிட்டாள். மாமியாரின் மானத்தை மருமகள் காப்பாற்றிய கதை அநேகமாக உலகத்திலேயே நம் வீட்டில்தான் நடந்திருக்கும்.

பையன்கள் வளர்ந்தபோது கொடி ஒரு சட்டம் போட்டாராம். வெளியே தம்பி, உள்ளே சித்தப்பா. ஆகவே உங்கள் தாத்தா வெளியே என் தாத்தாவின் தலையில் குட்டுவாராம், வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாராம். சுருட்டு விஷயத்தைச் சொன்னேன். பல் டாக்டர் அம்மாவுக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு எழுபத்திரண்டு வயது. அவருக்கும் நான் சித்தியாம். "வணக்கம் சித்தி, பல்லெல்லாம் ஒழுங்கா தேய்க்கிறீங்களா?" என்றார்.

போனை வைத்துவிட்டு நான் அழுதேனா சிரித்தேனா என்று தெரியவில்லை. இரண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் முட்டிப் படத்தை எடுத்து விளக்கில் வைத்து மறுபடியும் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. மகளாக இருந்தால் உங்களைக் கெஞ்ச வேண்டும். தங்கச்சியாக இருந்தால் சண்டை போட வேண்டும். அத்தைக்கு இரண்டும் தேவையில்லை. சொன்னால் போதும்.

ஆகவே சொல்கிறேன். ஜூன் முதல் வாரத்தில் ஆபரேஷன். டாக்டரிடம் போய்த் தேதி வாங்கவும்.

அத்தை

*

மே 13

சைரன் தங்கச்சிக்கு,

கதையைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு கடைசிப் பத்தியைப் படித்தேன்.

ஒரு விஷயம் யோசித்துப் பார். சின்ன உருண்டையும் பெரிய உருண்டையும் ஒரே தாயின் மடியில் பால் குடித்தவர்கள். பால் குடித்த கணக்கைப் பார்த்தால் அவர்கள் அண்ணன் தம்பிதானே? பெற்றால்தான் பிள்ளையா? அந்த வழியில் நாம் ஒரே மாடிதான். நான் உனக்கு அண்ணன். வயதில் மூத்த அண்ணனை ஆபரேஷனுக்குப் போ என்று தங்கச்சி அதட்டுவது அழகில்லை.

மேலும் ஜூன் மாதம் எனக்கு நிறைய வேலை இருக்கிறது. என்ன வேலை என்று யோசித்து எழுதுகிறேன்.

அண்ணன்,
முக்கால்

*

மே 19

மருமகனே,

அத்தை கிடைத்தபோது கடைத்தெருவில் விசிலடித்தீர்கள். அத்தை வாயைத் திறந்ததும் அண்ணனாகிவிட்டீர்கள். இந்த லிப்ட் இனிமேல் ஏறாது, நான் கதவைப் பூட்டிவிட்டேன்.

உங்கள் டாக்டரின் ஆஸ்பத்திரிக்கு நானே பேசினேன். ஜூன் 4. எக்ஸ்ரே பிரிவில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே ஜாதி, ஒரு வார்த்தை சொன்னால் வேலை நடக்கும். 3-ஆம் தேதி காலை ரயிலில் வந்து இறங்குகிறேன். பத்து நாள் லீவு போட்டாயிற்று. உங்களைப் பார்த்ததில்லை, ஆனால் நொண்டிக்கொண்டு வருகிற குண்டர் யாரென்று எனக்கு அடையாளம் தெரியும். வீட்டைப் பெருக்கி வைக்க வேண்டாம், குனியக் கூடாது.

நீங்கள் சும்மா இருங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.

அத்தை

*

ஜூன் 25

அன்புள்ள அத்தைக்கு,

வாக்கரை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு கைத்தடியோடு தபால் பெட்டி வரை நானே நடந்து வந்து இதைப் போடப்போகிறேன். இரண்டு தெரு. பக்கத்து வீட்டுக்காரர் பின்னாலேயே வருவார், காவலுக்கு.

நீ ஊருக்குப் போன பிறகு வீடு ஒரு மாதிரி இருக்கிறது. ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவைத்த மாத்திரை அட்டவணையைப் பார்த்துக் 'காலை, மாலை' என்று சத்தம் போட்டுப் படிக்கிறேன். உன் குரலில் படித்துப் பார்த்தேன், சரியாக வரவில்லை.

ஆஸ்பத்திரியில் நடந்ததை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. கவுண்டர் பெண் உன்னிடம், "பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டாள். நீ, "அத்தை" என்றாய். அவள் 'மகள்' என்று தட்டிவிட்டாள். "மகள் இல்லைங்க, அத்தை" என்றாய். அவள் என் பக்கம் திரும்பி, "பெரியவரே, இவங்க உங்களுக்கு யாரு?" என்றாள். நான், "அத்தைதாம்மா. கொஞ்சம் கண்டிப்பான ஆளு, நீயும் சொன்னபடி போட்டுடு" என்றேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த பஸ் கண்டக்டர் இரண்டு நாள் அதையே யோசித்துவிட்டு, மூன்றாவது நாள் கேட்டாரே: "உங்க அத்தையே இவ்வளவுதான்னா, உங்க பாட்டி எந்த ஸ்கூல்ல படிக்கிறாங்க?" தையல் பிரிந்துவிடும் என்று டாக்டர் அவரை வேறு வார்டுக்கு மாற்றினார்.

ஒன்று கேட்க வேண்டும். நேரில் அத்தனை நாள் இருந்தாய், வெட்கத்தில் கேட்கவில்லை. தியேட்டர் வாசலில் என் காது மெஷினைக் கழற்றி உன் கையில் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்துவிட்டேன். அதன் பிறகு எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மேலே விளக்குகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. கதவுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, என் முகத்துக்கு நேராகக் குனிந்து நீ ஏதோ சொன்னாய். வண்டியைத் தள்ளியவர் சிரித்தார். நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் கேட்டது போலத் தலையாட்டிவிட்டேன்.

என்ன சொன்னாய் அத்தை?

மருமகன்,
முக்கால்

*

ஜூலை 2

முக்காலுக்கு,

தபால் பெட்டி வரை நடந்தது நல்லது. நாளைக்கு அதற்கு அடுத்த தெரு வரை நடக்கவும்.

நான் குனிந்தது வேறொன்று சொல்வதற்காக. "தைரியமா போயிட்டு வாங்க" என்று சொல்லலாம் என்றுதான் குனிந்தேன். அதுவரைக்கும் உங்களிடம் வாங்க, போங்க என்றுதானே பேசிக்கொண்டிருந்தேன். கடிதத்தில்தான் அதிகாரம், நேரில் பார்த்தால் நரைத்த தலை, வாய் வரவில்லை. ஆனால் மெஷினைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நீங்கள் என்னைப் பார்த்தீர்களே, அந்த முகத்துக்கு அறுபத்து நான்கு வயது இல்லை. என் விரலை வேறு விடாமல் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். பள்ளிக்கூட வாசலில் முதல் நாள் விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு இப்படித்தான் இருக்கும் போல. எனக்குப் பயம் போய்விட்டது. நான் பெரியவள், இவன் எங்கள் வீட்டுப் பிள்ளை, அவ்வளவுதான் மனதில் இருந்தது. அலுப்பாகவே இல்லை. வாயில் தானாக வந்தது இதுதான்:

"டேய், பயப்படாதடா. அத்தை இங்கயேதான் நிப்பேன்."

காது கேட்காதவருக்குச் சொல்கிறோம் என்று கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, நடையில் இருந்த எல்லோருக்கும் கேட்டுவிட்டது. பிறகு கதவு மூடிக்கொண்டது. ஓர் அம்மா நகர்ந்து உட்கார்ந்து எனக்கு நாற்காலியில் இடம் கொடுத்தார். வேண்டாம் என்றேன். நீ வெளியே வருகிற வரைக்கும் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

அத்தை